கொக்கி சாரும் அக்காவின் முதுகும்

கொக்கி சாருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அந்தப் பெயரைச் சொல்லி அவர் வேலை செய்யும் இடத்தில் தேடினால் வாசல் காவலர்கூட உதட்டைப் பிதுக்குவார். கொக்கி என்று சொன்னால்தான், "கொக்கி சாரா? மேல போங்க, ரெண்டாவது ரூம்" என்று வழி கிடைக்கும். ஆபரேஷன் கருவிகள் செய்யும் சின்னக் கம்பெனி அது. கீழே மெஷின்களின் இரைச்சல். மேலே நாலு கம்ப்யூட்டரும் பாதி நாள் மக்கர் செய்யும் ஒரு காபி மெஷினும். முதுகுத்தண்டு ஆபரேஷனுக்கான ரிட்ராக்டர்களை வரைவது கொக்கி சாரின் வேலை.

ரிட்ராக்டர் என்றதும் மிரள வேண்டாம். டாக்டர் முதுகில் கீறிய பிறகு, இரண்டு பக்கத்துத் தசையும் முந்திக்கொண்டு நடுவில் வந்து விழும். அதை ஒதுக்கிப் பிடித்தால்தான் அடியில் இருக்கிற எலும்பும் நரம்பும் கண்ணுக்குத் தெரியும். ஒரு சட்டத்தில் மாட்டிய இரண்டு தகடுகள் அந்த வேலையைச் செய்கின்றன. திருகைச் சுற்றினால் பல் பல்லாக விரியும். ரொம்ப அழுத்திப் பிடித்தால் தசைக்கு ரத்த ஓட்டம் நின்றுபோகும். லேசாகப் பிடித்தால் நழுவும். நழுவுகிற இடம் நரம்புக்குப் பக்கத்தில் என்பதுதான் இதில் உள்ள வில்லங்கம். கத்தி பிடித்தவருக்குத்தான் எப்போதும் பேர். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறவனை எவன் திரும்பிப் பார்க்கிறான்? இதை நினைத்தால் நமக்குத்தான் பற்றிக்கொண்டு வருகிறது. கொக்கி சாருக்கு அந்தக் குறையே இருந்ததில்லை.

அவர் முன்பு அலமாரிக் கதவுகளுக்குக் கீல் வரைந்துகொண்டிருந்தவர். இந்தக் கம்பெனி இன்டர்வியூவுக்குக் கூப்பிட்ட நாளில் மழை கொட்டியது. அக்கா தன் ஸ்கூல் வேனில் ஏற்றிக்கொண்டு வந்தாள். வேன் நிறையப் பிள்ளைகள். "எல்லாரும் மாமாவுக்கு ஆல் த பெஸ்ட் சொல்லுங்க" என்று அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கத்த, பிள்ளைகள் கத்திய கத்தலில் வாசல் காவலர் குடையைத் தவறவிட்டார். அப்படி உள்ளே போனவர் அப்புறம் அங்கேயே வேரூன்றிவிட்டார்.

வேலை வீடுவரைக்கும் வரும். பிரெட் பாக்கெட்டைப் பிரித்தால் இரண்டு ஸ்பூனால் வாயை விரித்துப் பிடித்து, எந்தப் பக்கம் முதலில் கிழிகிறது என்று பார்ப்பார். பேச்சு மட்டும் குறைவு. "ஊர்ல இருக்கிற முதுகையெல்லாம் திறக்கக் கொக்கி செய்றீங்க. உங்க வாயைத் திறக்க ஒண்ணு செய்யக் கூடாதா?" என்று மனைவி கேட்பாள். அதற்கும் சிரிப்புத்தான் பதில்.

சமீபத்தில் அவர் வரைந்த ரிட்ராக்டர் நல்ல பேர் வாங்கியிருந்தது. தகடுகள் மெல்லியவை; அதனால் கீறலும் சின்னதாகப் போதும், டாக்டருக்கு உள்ளே கை ஓட இடமும் இருக்கும். சின்னது, நடுத்தரம், நீளம் என்று மூன்று அளவுத் தகடுகள். முறையான சோதனைகள் எல்லாம் முடிந்து, சில ஆஸ்பத்திரிகளில் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். முதலில் கையில் எடுத்தவர் ஒரு டாக்டரம்மா. கொக்கி சாரைவிட வயதில் சின்னவர், பேச்சில் கறார். "நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னார். அவர் வாயிலிருந்து அது வருவதே பெரிய விஷயம் என்று நர்சுகள் சொன்னார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அக்காவின் வலது கால் சொன்ன பேச்சைக் கேட்க மறுத்தது.

முதலில் இடுப்பு வலி. அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்புறம் வலி காலில் இறங்கியது. ஒருநாள் ஸ்கூல் வாசலில் வேனை நிறுத்தப் போனபோது, ஆக்சிலேட்டரிலிருந்து பாதத்தைத் தூக்கி பிரேக்குக்கு மாற்ற முடியவில்லை. பாதம் அப்படியே தொங்கியது. கையால் முழங்காலைப் பிடித்து இழுத்து, எப்படியோ வேனை ஒரு மண்மேட்டில் மோதி நிறுத்தினாள். பிள்ளைகளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் எதற்கும் கலங்காத அக்கா, சாவியை ஸ்கூல் ஆபீசில் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள் என்று அத்தான் போனில் சொன்னார்.

கொக்கி சார் அவளை டாக்டரம்மாவிடமே கூட்டிப்போனார். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் மாட்டி, டாக்டரம்மா ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். "கீழ் முதுகுல டிஸ்க் பிதுங்கி நரம்பை நெருக்குது. தள்ளிப்போட்டா பாதம் இப்படியே தொங்கிப்போயிடலாம். இந்த வாரமே பண்ணிடுவோம்."

"பண்ணா, வேன் ஓட்டலாமா டாக்டர்?" அக்காவுக்கு அது ஒன்றுதான் கேள்வி.

"அதுக்குத்தானே பண்றோம்? உத்தரவாதம் தர மாட்டேன். ஆனா சீக்கிரம் வந்திருக்கீங்க, அது நல்லது." டாக்டரம்மா கொக்கி சாரைப் பார்த்து லேசாகச் சிரித்துவிட்டு, மறுபடி அக்கா பக்கம் திரும்பினார். "உங்க தம்பி ரிட்ராக்டரையே போட்டுடலாம்."

அக்காவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! "என் தம்பி செஞ்சதா? அப்ப எனக்கென்ன பயம்? பாத்தீங்களா, நான் வேன்ல கொண்டுவந்து விட்டது வீண் போகல" என்று அத்தானின் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். அத்தான் தோளைத் தேய்த்துக்கொண்டே சிரித்தார். கொக்கி சாரும் சிரித்தார். ஆனால் அவர் கண் மட்டும் வெளிச்சத்தில் தொங்கிய ஸ்கேன் படத்தை விட்டு நகரவில்லை.

ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. அக்காவை வீட்டில் விட்டுவிட்டு, பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி, திரும்பவும் ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டரம்மா கை கழுவிக்கொண்டிருந்தார்.

"டாக்டர், ஒரு சின்ன விஷயம். அக்காவுக்கு மட்டும்... பழைய ரிட்ராக்டரையே வச்சுப் பண்ண முடியுமா?"

டாக்டரம்மா குழாயை மூடினார். "ஏன்? புதுசுல ஏதாவது கோளாறு தெரிஞ்சிருக்கா?"

"இல்ல டாக்டர். எதுவும் தெரியல. எல்லா டெஸ்ட்டும் பாஸ்தான்."

"அப்புறம்?"

"பயமா இருக்கு. அவ்வளவுதான்."

டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டார். கோபம் வந்த மாதிரி தெரியவில்லை. வந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று கொக்கி சாருக்குத் தோன்றியது.

"நேத்து ஒருத்தருக்கு உங்க ரிட்ராக்டரை வச்சுத்தான் பண்ணேன். அவரும் யாருக்கோ அண்ணன், யாருக்கோ தம்பி. அவருக்கு ஆகும், உங்க அக்காவுக்கு ஆகாதா?"

கொக்கி சாருக்கு நாலு பேர் முன்னால் அறைந்திருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது. மன்னிப்பு கேட்க வாயெடுத்தார். டாக்டரம்மா விடவில்லை.

"உங்களைக் குத்திக்காட்டணும்னு சொல்லல. நீங்க சும்மா பயப்படுற ஆளு இல்ல. ஏதோ ஒண்ணு உங்க கண்ணுல பட்டிருக்கு, அது என்னன்னு உங்களுக்கே இன்னும் புரியல. போய் அது என்னன்னு பாருங்க. பாத்துட்டு வந்து சொல்ற வரைக்கும் நான் அதை யாருக்கும் எடுக்க மாட்டேன். உங்க அக்காவுக்கு மட்டும் இல்ல."

இதைவிட மரியாதையாக ஒரு மனிதனை யாரும் நடத்த முடியாது என்று கொக்கி சார் பின்னாளில் சொல்வார். அந்த நேரத்தில் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தார்.

வந்தவர் நேராக அக்கா வீட்டுக்குத்தான் போனார். அக்கா கட்டிலில் குப்புறப் படுத்திருந்தாள். அத்தான் இடுப்பில் வெந்நீர்ப் பையை வைத்து, சூடு போதுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். வாட்டசாட்டமான உடம்பு அக்காவுக்கு. கட்டிலின் அகலத்தில் பெரும்பங்கு அவளுக்குத்தான். கொக்கி சார் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பையும் முதுகுமாக அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னடா இது, முறைச்சுப் பாக்குற? இந்த முதுகை முன்ன பின்ன பாத்ததே இல்லையா?"

"அக்கா, அந்த ஸ்கேன் படத்தைக் கொஞ்சம் குடு."

படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். தோலிலிருந்து எலும்புவரைக்கும் உள்ள தூரத்தைச் சட்டைப்பையில் இருந்த ஸ்கேலால் அளந்தார். ஓரத்தில் அச்சிட்டிருந்த அளவுகோலோடு ஒப்பிட்டார். இன்னொரு தரம் அளந்தார்.

"என்ன, ரொம்ப ஆழமா? தையல்காரர்கூட என்னை ஒரு தடவைதான் அளப்பார். வெளிப்படையா சொல்லுடா, நான் குண்டுன்னு எனக்கே தெரியும்" என்றாள் அக்கா, தலையணையில் முகத்தைப் புதைத்தபடி.

கொக்கி சாருக்கு அப்போதுதான் பொறி தட்டியது. கம்பெனியில் சோதனைக்கு வைத்திருந்த ரப்பர் முதுகு ஒல்லியானது. தசை மாதிரி தோன்றும் அந்தக் கட்டையை வாங்கிய இடத்தில் ஒரே அளவுதான் கிடைத்தது. அதற்குள் நடுத்தரத் தகடுதான் சரியாக இறங்கும். அதனால் அந்தத் தகட்டை வைத்தே எல்லாச் சோதனையும் செய்தார்கள். நடு அளவு தேறினால் மற்றதும் தேறும் என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள், அவரும் போட்டார். நீளத் தகட்டை அவர் தனியாக வரையவே இல்லை. நடுத்தரத் தகட்டின் படத்தைக் கம்ப்யூட்டரில் அப்படியே கீழ்நோக்கி இழுத்துவிட்டார். நீளம் கூடியது. கனம் கூடவில்லை. மவுஸை ஒரு இழுப்பு, அவ்வளவுதான் அதற்காக அவர் பட்ட பாடு. கம்ப்யூட்டரில் வரைகிறவனுக்கு மட்டுமே வாய்க்கும் தப்பு இது. கொல்லனால் இதைச் செய்யவே முடியாது, இரும்பைத் தொட்டதுமே கை சொல்லிவிடும்.

அக்காவின் முதுகுக்குள் இறங்கப்போவது அந்த நீளத் தகடுதான்.

மறுநாள் காலையில் கம்பெனியில் இரண்டு ரப்பர் முதுகுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பசை போட்டு ஒட்டினார். நடுவில் கீறி, நீளத் தகடுகளை இறக்கி, சட்டத்தை மாட்டி, விரித்தார். மேலே எல்லாம் கச்சிதம். குனிந்து உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தபோது, தகடுகளின் நுனி இரண்டும் நடுவைப் பார்த்து வளைந்திருந்தன. நுனிக்கு அடியில் விழுந்த இடைவெளி வழியாக ரப்பர் மெல்லப் பிதுங்கி உள்ளே வந்தது. நிஜ ஆபரேஷனில் டாக்டர் என்ன செய்வார்? இடம் போதவில்லையே என்று இன்னொரு பல் விரிப்பார். அடியில் நுனி அப்படியே இருக்கும். மேலே தசைதான் நசுங்கும். திடீரென்று நுனி நழுவினால், அதற்கு அடுத்தாற்போல் இருப்பது நரம்பு.

கொக்கி சார் மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினார். "காலங்காத்தால ஏன் சார் வயித்துல புளியைக் கரைக்கிறீங்க?" என்று அலுத்துக்கொண்டே குனிந்தவர், டார்ச்சை வாங்கி இரண்டு தகட்டு நுனிகளையும் மாறிமாறிப் பார்த்தார். மழுப்பப் போகிறார் என்றுதான் கொக்கி சார் நினைத்தார். மழுப்பியிருந்தால் அது உலக வழக்கம். ஆனால் அந்த மனிதர் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்து, தகடு போன ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் தானே போன் போட்டார். "நீளமான தகட்டை மட்டும் தட்டுலேருந்து எடுத்துருங்க. ஆமாங்க, எங்க தப்புதான்" என்று ஒவ்வொருவரிடமும் அதே வார்த்தையைச் சொன்னார். அவரைப் பற்றி அதுவரை கேன்டீனில் பேசியதையெல்லாம் கொக்கி சார் மனசுக்குள் வாபஸ் வாங்கிக்கொண்டார்.

இதற்குள் யாருக்காவது ஏதாவது ஆகியிருக்குமோ என்ற பயம் அவரைச் சோறு தின்ன விடவில்லை. விசாரித்ததில், அநேகமாக எல்லோருக்கும் மற்ற இரண்டு அளவுகளே போதுமானதாக இருந்திருக்கின்றன. ஒரே ஒரு ஆஸ்பத்திரியில் நீளத் தகட்டைப் போட்டிருந்தார்கள். நோயாளி நன்றாக இருந்தார், நடந்துகொண்டிருந்தார். அங்கிருந்த டாக்டர் போனில் தயங்கித் தயங்கிச் சொன்னார். "தசை நழுவி நழுவி வந்துச்சு. என் கைதான் சரியில்லையோன்னு நினைச்சு யார்கிட்டயும் சொல்லல." கொக்கி சார் போனை வைத்துவிட்டு, யாருக்கு என்றில்லாமல் கையெடுத்துக் கும்பிட்டார்.

எல்லாவற்றையும் டாக்டரம்மாவிடம் போய் ஒன்றுவிடாமல் சொன்னார். அவர் கேட்டு முடித்துவிட்டு, "தேங்க்ஸ்" என்றார். "நானும் அந்த அளவை வச்சுப் பாக்கணும்னு கேட்டிருக்கணும். கேக்கல. சரி, உங்க அக்காவுக்குப் பழசுதான். கீறல் கொஞ்சம் பெருசா இருக்கும், பரவாயில்லையா?"

"பரவாயில்ல டாக்டர்."

அக்காவுக்குத்தான் அது பரவாயில்லை என்று படவில்லை. "ஊருக்கெல்லாம் செஞ்சு குடுக்குற, கூடப்பிறந்தவளுக்குன்னா மட்டும் பழசா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொக்கி சார் வாழ்க்கையில் முதல்முறையாக நீளமாகப் பேசினார். மவுஸை இழுத்தது, ரப்பர் முதுகு, வளைந்த நுனி எல்லாவற்றையும் சொன்னார். "உன் முதுகைப் பாக்காம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதுக்கா" என்று முடித்தார்.

அக்கா முகத்தைத் திருப்பித் தம்பியைப் பார்த்தாள். "அப்ப நான் குண்டா இருந்ததுலயும் ஒரு பிரயோஜனம் இருக்கு" என்றாள். "பாத்தீங்களா? சாப்பாட்டைக் குறை, குறைன்னு உயிரை எடுத்தீங்களே" என்று அத்தானைப் பிடித்துக்கொண்டாள். பிறகு தம்பியின் கையை இழுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

ஆபரேஷன் பழைய ரிட்ராக்டரை வைத்துத்தான் நடந்தது. அதன் தகடுகள் தடிமனானவை, ஆனால் அசையாதவை. அதை வரைந்தவர் யார் என்று கொக்கி சாருக்குத் தெரியாது. எந்த ஊர்க்காரரோ, இருக்கிறாரோ இல்லையோ. வெளியே பெஞ்சில் அத்தானோடு உட்கார்ந்திருந்த நேரம் முழுவதும் அந்த முகம் தெரியாத மனிதரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். "நல்லா வரைஞ்சிருக்கய்யா, மகராசனா இரு" என்று வாய்க்குள் சொன்னது அத்தானுக்குக் கேட்டுவிட்டது. அத்தான் தன் டீயில் பாதியை அவருக்கு ஊற்றிக் கொடுத்தார்.

மயக்கம் தெளிந்த அக்காவிடம் டாக்டரம்மா பாதத்தைத் தூக்கச் சொன்னார். எல்லோரும் போர்வையையே பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அக்கா பல்லைக் கடித்தாள். கட்டைவிரல் மட்டும் ஒரு துளி மேலே எழும்பியது. "போதும், போதும், மிச்சம் மெல்ல வரும்" என்றார் டாக்டரம்மா. அத்தான் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். கொக்கி சார் நின்ற இடத்திலேயே அழுதார், துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

மிச்சம் மெல்லத்தான் வந்தது. பயிற்சி கொடுக்கிறவர் வீட்டுக்கு வந்து படாத பாடு படுத்தினார். அக்கா அவரை அதைவிட அதிகமாகப் படுத்தினாள். பள்ளிக்கூடம் மறுபடி திறந்தபோது சாவி திரும்பவும் அவள் கைக்கு வந்தது. கொக்கி சார் நீளத் தகட்டை வெறும் வெள்ளைத் திரையிலிருந்து புதிதாக வரைந்தார். பின்பக்கத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு மேடு கொடுத்தார். தகட்டுக்கே ஒரு முதுகெலும்பு வைத்த கணக்கு. ஒல்லி, நடுத்தரம், கனம் என்று மூன்று ரப்பர் முதுகுகள் செய்ய வைத்தார். ஒவ்வொரு அளவுத் தகடும் அதற்குரிய முதுகில் தேறாமல் எதுவும் வெளியே போகக் கூடாது என்று மேனேஜரே உத்தரவு போட்டார். கனமான ரப்பர் முதுகுக்கு, கீழே மெஷின்களில் வேலை செய்யும் பையன்கள் "பெரியக்கா" என்று பெயர் வைத்துவிட்டார்கள். சொந்த அக்காவின் காதுக்கு அது எட்டாமல் பார்த்துக்கொள்வதே கொக்கி சாருக்கு ஒரு வேலையாகிவிட்டது.

மறுபடி எல்லாச் சோதனையும் முடிந்து, புதிய நீளத் தகடு முதன்முதலாக ஒருவருக்குப் பயன்பட்ட நாளில் டாக்டரம்மா அவரைக் கூப்பிட்டிருந்தார். தியேட்டர் மூலையில் பச்சை உடையில் நின்று பார்த்தார். படுத்திருந்தவர் நல்ல பருமன். துணிக்குக் கீழே யார் என்றுகூடத் தெரியவில்லை. தகடு இறங்கியது, விரிந்தது, நின்றது. டாக்டரம்மா மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அசையல" என்றார். கொக்கி சார் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கைப்பையின் வாரைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே பேசினாள்.

"அப்பாவுக்கு முதுகு ஆபரேஷன். உள்ள உங்களுக்கும் யாராவது இருக்காங்களா?"

யாரும் இல்லை, நான் கருவி செய்கிற கம்பெனிக்காரன் என்று சொல்லத்தான் கொக்கி சார் நினைத்தார். வார்த்தை வேறு மாதிரி வந்தது.

"இருக்காங்கம்மா."

"யாரு?"

நல்லவேளையாகக் கதவு திறந்தது. டாக்டரம்மா முகமூடியைக் கீழே இறக்கிக்கொண்டு வந்தார். "உங்க அப்பா ரெண்டு காலையும் அசைச்சுட்டார்மா. நல்லா இருக்கார்" என்றார். அந்தப் பெண் எழுந்து நிற்கவும் முடியாமல், பக்கத்தில் இருந்த கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அது கொக்கி சாரின் கை. அழுகைக்கு நடுவில் அவர் ஞாபகம் வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவருக்குத் தைரியம் சொன்னாள்.

"கவலைப்படாதீங்க. உங்க ஆளும் நல்லபடியா வந்துடுவாங்க."

"வந்துட்டாங்கம்மா" என்றார் கொக்கி சார். "இப்பதான் வந்தாங்க."